கேழ்வரகுக் குழியில் கொடுத்த தண்ணீர்

கல் விழுகிறது. தகரக் கூரை. டணார். இன்னொன்று. டணார். மூன்றாவது கல் கூரையில் உருண்டு வாசலில் விழுகிறது. நான் முழங்காலில் இருக்கிறேன். கையில் நோட்டு. பன்னிரண்டாவது பெயரில் நிற்கிறேன்.

வியாழக்கிழமை. புரட்டாசி மாதம். காலை ஏழு மணி இருக்கும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையைக் காலி செய்துகொண்டு ஓடினார்களே, அதற்கு அடுத்த வருஷம். எங்கள் மேல் குண்டு விழவில்லை. கல் விழுந்தது. எறிந்தவர்கள் ஜப்பான்காரர்கள் இல்லை. யாருக்கு மருந்து கொடுக்க வந்தோமோ, அவர்கள்தான்.

"பேரப் படிக்கறாங்கடா. கேளுங்கடா, பேரப் படிக்கறாங்க." தெருவிலிருந்து ஒரு குரல்.

மனுவேல் அண்ணன் மருந்துப் பெட்டியைத் தூக்குகிறார். பெட்டி மேலேயே ஒரு கல் விழுகிறது. உள்ளே கண்ணாடி நொறுங்கும் சத்தம். நரம்பில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள். எட்டும் போயின. அவர் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுக்கிறார். பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறோம். கேழ்வரகுக் கொல்லை. கதிர் முற்றவில்லை. இடுப்பளவுதான். ஒளிய முடியாது. பின்னால் ஒரு கல் வந்தது. அண்ணன் நெற்றியில் பட்டது. மண்ணில் விழுந்தார். "நீ ஓடு" என்றார். நான் ஓடினேன். அவரை விட்டுவிட்டு ஓடினேன். அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் பெயர் சுகிர்தம். அப்போது வயது இருபத்தாறு. மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். பிறந்தது நல்லம்பள்ளிப் பக்கம். மனுவேல் அண்ணன் எங்கள் கம்பவுண்டர். நாற்பது வயது. கல்யாணம் ஆகாதவர். மலச்சட்டி கழுவும்போதுகூடப் பாட்டு முனகுவார். எனக்கு எரிச்சலாக வரும். பாப்பாரப்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் காலரா என்று தகவல் வந்தது. எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். நான் விருப்பத்தோடு போகவில்லை. அந்த மாதிரித் தெருக்களில் என் அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். நான் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறேன் என்ற வீம்பு மட்டும்தான் எனக்கு இருந்தது. அதற்குப் பேர் ஊழியம் இல்லை.

ஏன் கல் விழுந்தது? அதற்குக் காரணம் நான்.

ஆடி மாதம் பாப்பாரப்பட்டிச் சந்தைக்கு ஒரு லாரி வந்திருக்கிறது. காக்கிச் சட்டைக்காரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். அசாம் பக்கம் பட்டாளத்துக்கு ரோடு போடும் வேலை, சோறு உண்டு, துணி உண்டு என்றார்கள். பேர் எழுதினார்கள். வயது எழுதினார்கள். எழுதின அன்றே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் தெருவிலிருந்து ஆறு பேர். ஒருவரிடமிருந்தும் கடுதாசி வரவில்லை.

புரட்டாசியில் நாங்கள் போகிறோம். மனுவேல் அண்ணன் உடம்பில் காக்கிக் கோட்டு. பட்டாளத்தில் கழித்துக் கட்டினது, யாரோ கொடுத்தது. அவருக்கு அதில் பெருமை வேறு. எங்கள் பெட்டியிலும் பட்டாள முத்திரை. போதாதென்று நான் முதல் நாளே வீடு வீடாகப் போனேன். நோட்டை எடுத்தேன். பேர் எழுதினேன். நோயாளி பேர் மட்டும் இல்லை. வீட்டில் இருக்கிற எல்லார் பேரும். வயதும்.

எதற்கு? ஜெபத்துக்கு. எங்கள் ஆஸ்பத்திரியில் காலையில் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிப்பது வழக்கம். வயது எதற்கு? ரிஜிஸ்தர் எழுதிப் பழகின கை. மடத்தனம். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒரு நோயாளியும் வரவில்லை. தெருவில் போய்க் கேட்டால் "எங்க வூட்ல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்று கதவைச் சாத்தினார்கள். ஆனால் வேலி முழுக்கப் பேதி பட்டுத் துவைத்த துணி காய்ந்தது. வியாழக்கிழமை காலை நான் பேர்களை உரக்கப் படித்தேன். தெருவில் போனவர்கள் கேட்டார்கள். லாரி வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். கல்லை எடுத்தார்கள்.

மறுபடி அந்த வியாழக்கிழமைக் காலைக்கே வருகிறேன். ஓடுகிறேன். கொல்லை முடிகிறது. ஒரு வீட்டின் பின்கட்டு. மாட்டுக் கொட்டகை. அங்கே ஒரு சத்தம் கேட்கிறது. தொண்டை கிழிகிற ஓங்கரிப்பு. வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. காலுக்கடியில், மண்ணுக்குள்ளிருந்து வருகிறது.

அந்தப் பக்கத்தில் கேழ்வரகை மண்ணுக்குள் குழி வெட்டிக் கொட்டி வைப்பார்கள். வாய் ஓர் ஆள் இறங்குகிற அளவு. உள்ளே அகலம். ஒன்றரை ஆள் ஆழம். அந்த வீட்டுக் குழி காலியாக இருந்தது. வாயோரம் ஓர் அம்மாள் பானையோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். குப்பம்மாள். அது முனியப்பன் வீடு. லாரியில் போன ஆறு பேரில் ஒருவன் அவர்களுடைய மூத்த மகன். இளையவன் மாதையன். வயது இருபத்திரண்டு. அது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதினேனே.

"இங்கயும் வந்துட்டீங்களா. போயிருங்க தாயி. மூத்தவன அப்படித்தான் எழுதிட்டுப் போனாங்க. இவனக் கூட்டிட்டுப் போயிராதீங்க."

"நான் பட்டாளத்து ஆள் இல்லீங்க. உள்ள எத்தன நேரமா இருக்காரு?"

"நேத்து பொழுது சாய."

ஒரு பகல் தாண்டினால் காலராவில் ஆள் இருக்காது. நான் ஏணி மரத்தில் கால் வைத்து இறங்கினேன். உள்ளே மாதையன் சாக்கின் மேல் கிடந்தான். கண் உள்ளே போய்விட்டது. விரல் நுனி சுருங்கி, துணி துவைத்த கை மாதிரி இருந்தது. நாடி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இருந்தது.

மேலே வெளிச்சம் மறைந்தது. முனியப்பன். கையில் கடப்பாரை.

"மேல ஏறுடி."

"ஏற மாட்டேங்க. ஏறச் சொன்னீங்கன்னா கத்துவேன். உங்க மவன் எங்க இருக்கான்னு ஊருக்கே தெரிஞ்சு போவும்."

ஊழியத்துக்குப் போனவள் அந்த வீட்டில் முதலில் செய்தது மிரட்டல்தான். கடப்பாரையை மண்ணில் ஊன்றுகிற சத்தம் கேட்டது.

"அந்த நோட்டக் குடு."

ஓடும்போது மடியில் செருகியிருந்தேன். எடுத்து மேலே எறிந்தேன். குப்பம்மாள் அதை அடுப்பில் போட்டார். காகிதம் பொசுங்குகிற வாசனை குழிக்குள் வந்தது. இருபத்தெட்டுப் பேர்.

"எம் மவன நீ தொடக் கூடாது. பானைய எறக்கறோம். அவனே மொண்டு குடிப்பான். உங்க ஆளுங்க கையில எங்க வூட்ல யாரும் தண்ணி குடிச்சதில்ல."

"கையத் தூக்க முடியலீங்க அவரால."

"முடியும்."

பலகைக் கல்லை இழுத்து வாயை மூடினார். கல் உரசுகிற சத்தம். ஒரு சாண் இடைவெளி விட்டார். அந்த ஒரு சாணில் சின்னப் பானையும் தம்ளரும் இறங்கின. காய்ச்சின தண்ணீர். உப்புப் போடச் சொன்னேன், போட்டார்கள். கஞ்சித் தெளிவு கேட்டேன், அதுவும் வந்தது. மாதையன் கையை நீட்டினான். கை பாதி வழியில் விழுந்தது. மறுபடி நீட்டினான். விழுந்தது.

நான் தம்ளரில் மொண்டேன். அவன் உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவன் என்னைப் பார்த்தான். தம்ளரைப் பார்த்தான். பிறகு மேலே, அந்த ஒரு சாண் வெளிச்சத்தைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

வாயைத் திறந்தான்.

பாதியைக் கக்கினான். மறுபடி கொடுத்தேன். ஒரு மடக்கு. எண்ணிப் பத்து. இன்னொரு மடக்கு. புட்டிகள் உடைந்துவிட்டன, ஊசி இல்லை, என்னிடம் இருந்தது தம்ளர் ஒன்றுதான். அவன் கழிவதைச் சாக்கில் வழித்து ஓரம் தள்ளினேன். என் புடவையில், கையில், முடியில் எல்லாம் அதுதான். வெள்ளிக்கிழமை வந்தது வெளிச்சத்தில் தெரிந்தது. உட்கார்ந்தபடியே கண் சொருகும். எழுந்து ஒரு மடக்கு. எண்ணிப் பத்து.

வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு நேரத்தில் குழிக்குள் யாரோ பாட்டு முனகுகிற சத்தம் கேட்டது. மனுவேல் அண்ணன் வந்துவிட்டார் என்று நினைத்தேன். இல்லை. முனகியது நான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பீயும் வாந்தியும் நாறுகிற பொந்து. மேலே என்னை அடிக்கக் கடப்பாரையோடு ஓர் ஆள். கொல்லையில் நான் விட்டுவிட்டு வந்த அண்ணன் உயிரோடு இருக்கிறாரா தெரியாது. ஆனாலும் சந்தோஷம். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலில் உட்கார்ந்து அதைத் தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டு தண்ணீர் கேட்டவரைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அவர் இந்தக் குழியில் சாக்கின் மேல் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அவர் என் கையில் குடித்தார். என்னைப் பார்த்து முகம் சுளிக்காமல் குடித்தார். வெட்கமாகவும் இருந்தது. சாகக் கிடக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி சந்தோஷப்படலாமா? பட்டேன். மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை. வெளிச்சம் நேர் கீழே விழுந்தது. நடுப்பகல். மாதையன் சுவர்ப்பக்கம் திரும்பினான். ஒரு சத்தம். மண்ணில் தண்ணீர் படுகிற சின்னச் சத்தம். மூத்திரம்.

காலரா பார்த்த நர்ஸுக்கு அது என்ன என்று தெரியும். சிறுநீர் போனால் ஆள் பிழைத்தான். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். உரக்கச் சொன்னேன். அவன் கூச்சப்பட்டுத் துணியை இழுத்துக்கொண்டான். "எதுக்குங்க்கா சிரிக்கிறீங்க?" என்று கேட்டான். என்னை முதல் தடவை அக்கா என்று கூப்பிட்டது அப்போது.

கல் திறந்தது. முனியப்பன் மகனைத் தூக்கினார். என்னைப் பார்த்து, "உன் கையால குடிச்சானா?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறக்கு முன் மாதையன் சொன்னான்.

"நானே மொண்டு குடிச்சேம்ப்பா."

நான் சும்மா இருந்தேன். அவன் பிழைத்தது போதும் என்று இருந்தது.

தகரக் கொட்டாய்க்குத் திரும்பினேன். மனுவேல் அண்ணன் உயிரோடு இருந்தார். நெற்றியில் துணிக் கட்டு. காக்கிக் கோட்டைக் கழற்றி வேலியில் தொங்கவிட்டிருந்தார். தூக்கிக்கொண்டு போகட்டும் என்று வைத்தாராம், யாரும் தொடவில்லையாம். விட்டுவிட்டு ஓடினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான்தானே ஓடச் சொன்னேன்" என்றார். "கூட ரெண்டு அடி வேகமா ஓடியிருக்கலாம் நீ." அவருக்கு எல்லாம் விளையாட்டு.

ஞாயிற்றுக்கிழமை குப்பம்மாளுக்கு நோய் கண்டது. எங்களைக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை விடிகிறபோது ஒப்பாரிச் சத்தம் கேட்டுத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை முனியப்பனுக்கும் கண்டது.

அன்றைக்கு மாதையனே கோலை ஊன்றி வந்து கூப்பிட்டான். போனேன். வாசலில் கட்டில். அவர் ஆட்கள் ஐந்தாறு பேர் வேலிக்கு அப்பால் நிற்கிறார்கள். நோய்க்குப் பயந்து உள்ளே வரவில்லை. மாதையன் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறான். அவர் குடிக்கிறார். நான் தள்ளி நின்று எவ்வளவு உப்பு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு மணி நேரம் அப்படிப் போனது. அவர் குரலில் கொஞ்சம் ஈரம் வந்தது. பிழைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

மாதையன் எழுந்து இரண்டு நாள்தான் ஆகிறது. தம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. மறுபடி எடுக்கிறான். கால் மடங்கிச் சுவரோரம் சரிகிறான். முயன்று பார்க்கிறான். முடியவில்லை.

"அக்கா கையில குடிப்பா."

அவர் தலையை ஆட்டினார்.

"நான் குடிச்சேம்ப்பா. குழிக்குள்ள ரெண்டு நாளும் அவங்க கையிலதான் குடிச்சேன். அன்னிக்குப் பொய் சொன்னேன். அதனாலதான் உசுரோட உக்காந்திருக்கேன். குடிப்பா."

வேலிக்கு அப்பால் பேச்சு நின்றது. முனியப்பன் மகனைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். நான் தம்ளரைக் கொண்டுபோனேன். பல்லைக் கடித்தார். மாதையன் தவழ்ந்து வந்து தன் கையால் கொடுத்தான். அதற்கும் திறக்கவில்லை. அது வரை குடித்த அதே கை. இப்போது அந்தக் கையும் என் கையாகிவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்றது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபம். இன்றும் முழுசாகப் போகவில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே ஓர் அம்மாள் கொட்டாய்ப் பக்கம் வந்தார்.

"பின்வாசல் வழியா வாங்க. யாரு கேட்டாலும் வரலன்னு சொல்லுங்க."

போனேன். பின்வாசல் வழியாகப் போனேன். மறுநாள் இன்னொரு வீட்டின் பின்வாசல். அதற்கு மறுநாள் மூன்று. மாடு கட்டுகிற இடம், கோழிக் கூண்டுச் சந்து, எங்கெல்லாமோ புகுந்து போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கப் போகிறேன் என்று வந்தவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தேன், அப்பா மாதிரி. அவர் பயத்தில் எடுத்தார். நான் தண்ணீர் கொடுக்க எடுத்தேன். ஒன்பது பேர் என் கையில் குடித்தார்கள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ஒவ்வொரு மூத்திரத்துக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மனுவேல் அண்ணன் தாடை இறுகியது. நெற்றிக் காயத்தில் போயிருந்த மண். டெட்டனஸ். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பி மருந்து கேட்டேன். இல்லை, இருந்ததெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது என்று சீட்டு வந்தது. உடம்பு வில்லாக வளைந்தது. தண்ணீர் கேட்டுக் கண்ணால் காட்டுவார். பல்லிடுக்கில் துணி நனைத்துப் பிழிந்தேன். உள்ளே இறங்கவில்லை. திங்கட்கிழமை காலை முடிந்தது. கொட்டாய்க்குப் பின்னால் புதைத்தோம். மண் தள்ள வந்தவன் மாதையன் ஒருவன்தான். கல்லெறிந்தவர் யார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் மன்னித்தாக வேண்டுமே என்ற பயம்.

ஐப்பசியில் நோய் நின்றது. ஊர் கூடியது. மாதையனைக் கூப்பிட்டார்கள். என் கையில் தண்ணீர் குடித்தது உண்மையா என்று கேட்டார்கள். உண்மை என்றான். அவனை ஊரை விட்டு விலக்கினார்கள். நெருப்புக் கிடையாது, கிணறு கிடையாது, கொல்லையில் வேலைக்கு ஆள் வராது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பேர் என் கையில் குடித்துப் பிழைத்தவர்கள். நான் தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பின்வாசலில் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். நான் செய்தது சரியா தப்பா, இன்று வரை தெரியவில்லை.

அடுத்த சந்தைக்கு லாரி வந்தது. மேஜை போட்டார்கள். மாதையன் தானாகப் போனான். பேர் கொடுத்தான். வயது கொடுத்தான். நான் ஓடினேன். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"எறங்குங்க மாதையா. ஆஸ்பத்திரியில ஒரு வேல வாங்கித் தரேன்."

"அண்ணன் எங்க இருக்கான்னு பாத்துட்டு வரேங்க்கா. எங்கப்பன் இருந்தா அவனத் தேடித்தான் அனுப்பியிருப்பாரு." லாரி நகர்ந்தது. அவன் குனிந்து சொன்னான். "எம் பேர எழுதிக்கங்க. காலைல படிப்பீங்களே, அதுல."

நான் எழுதவில்லை. அந்தக் குழிக்குப் பிறகு யார் பேரையும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். மனதில் வைத்துப் படித்தேன். இத்தனை வருஷம் தினமும் காலையில் படித்தேன். வயதாகிவிட்டது. போன வாரம் ஒரு பேர் நினைவுக்கு வர அரை நாள் ஆனது. அதனால் இன்று காகிதம் எடுத்தேன்.

போன பொருள்: நோட்டு ஒன்று, உப்புநீர்ப் புட்டி எட்டு, மருந்துப் பெட்டி ஒன்று. காக்கிக் கோட்டை நானே எரித்தேன். பிழைத்த ஒன்பது பேர் பேரைச் சொல்ல மாட்டேன். அது வாக்கு.

போனவர்கள். பெரியண்ணன், அவர் மனைவி காவேரி. கோவிந்தன். மூன்று பிள்ளை பெற்ற லட்சுமி, அவளுடைய நடு மகள் சின்னப்பொண்ணு. தச்சு வேலை ராமன். ராமனின் அக்கா, அவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டதால் பேர் கிடைக்கவில்லை. இன்னும் பேர் வைக்காத குழந்தைகள் இரண்டு. இந்த ஒன்பது பேரும் என் நோட்டுக்குப் பயந்து ஒளித்து வைக்கப்பட்டு, கதவுக்குப் பின்னால் செத்தவர்கள். குப்பம்மாள். முனியப்பன். மனுவேல் அண்ணன். பன்னிரண்டு.

லாரியில் முதலில் போன ஆறு பேரில் இரண்டு பேர் சண்டை முடிந்து திரும்பி வந்தார்கள். முனியப்பனின் மூத்த மகன் வரவில்லை. இளையவனும் வரவில்லை. செத்துப்போனான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாதவரை அவனைப் பன்னிரண்டோடு சேர்க்க மாட்டேன். தனியாக எழுதுகிறேன்.

மாதையன். வயது இருபத்திரண்டு.